இரண்டு சுழலுக்கு ஒரு ரயில்

18.6.1986, புதன்

காலேஜ் திறந்தாகிவிட்டது. ரயில்வே லைனை ஒட்டியிருக்கும் பழைய சைக்கிள் ஷெட் எனக்கே கிடைத்துவிட்டது!

துறைத் தலைவர் அரிகிருஷ்ணன் சாவியைக் கொடுக்கும்போது, "மேடம், நாப்பத்திரெண்டு வயசுல பிஎச்.டி. எதுக்கு? தண்ணில சாயம் ஊத்தி வேடிக்கை பாக்கவா?" என்றார்.

"ஆமா சார். நீங்களும் வாங்க, டிக்கெட் கிடையாது" என்றேன்.

மெட்டில்டா மேடத்துக்கு வாய் ஜாஸ்தி என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். இந்தப் பிசிக்ஸ் டிபார்ட்மென்டில் ஒரு பொம்பளை ஆராய்ச்சிக்கென்று தனி இடம் வாங்கியது இதுதான் முதல் தடவை. அந்த ஷெட் ஓட்டை உடைசல்தான், ஓடு வழியாக வெயில் இறங்குகிறது, ஓணான் இரண்டு குடியிருக்கிறது. ஆனாலும் என்னுடையது.

டிசம்பரோடு என் பதிவுக் காலம் முடிகிறது. அதற்குள் கிண்டியில் இருக்கும் என் கைடு தட்சிணாமூர்த்தி சார் திருப்தியாகிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இத்தனை வருஷப் பாடும் அம்போ.

25.6.1986

கேசரிப் பவுடரைப் பாலில் கரைத்துத் தொட்டித் தண்ணீரில் விட்டால் சாயம் கலைந்து ஓடாமல் நூல் மாதிரி நிற்கிறது. வீட்டுப் பால் இதற்கே போய்விட்டது, இன்றைக்கு என் வீட்டுக்காரருக்குக் கறுப்புக் காபிதான்.

9.7.1986, புதன்

இதை எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தொட்டி ஒரு பெஞ்சு நீளம். நடுவில் மெல்லிய தகடு. தகட்டின் ஒரு பக்கம் தண்ணீர் வேகமாக வருகிறது, மறுபக்கம் மெதுவாக. தகடு முடிகிற இடத்தில் இரண்டும் சந்தித்து உரசிக்கொள்கின்றன. அந்த உரசலில் சாயக் கோடு முதலில் லேசாக நெளிகிறது. நெளிவு மடிகிறது. மடிந்தது சுருண்டு சுழலாகிறது. ஒன்றன்பின் ஒன்றாக, முறுக்குப் பிழிந்த மாதிரி, சுழல் சுழலாக வரிசையில் போகிறது.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. பக்கத்துப் பக்கத்துச் சுழல்கள் இரண்டு ஒன்றையொன்று சுற்ற ஆரம்பிக்கின்றன. சுற்றிச் சுற்றி, கடைசியில் இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய சுழல். அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் அந்தக் கலவை அகலமாகிறது. கொந்தளிப்பு என்றால் தாறுமாறு என்றுதான் நானும் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதற்குள்ளே இப்படி ஒரு குடித்தனம் நடக்கிறது!

மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பொன்னுரங்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, கேசரி கிண்டாம தண்ணில கரைச்சிக்கினு கீற?" என்றான்.

"கேசரி இல்லப்பா, டாக்டர் பட்டம்" என்றேன்.

"அத்த வச்சி ஊசி போடுவியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். எந்தச் சுழல் எதோடு சேரும்? வெறும் தற்செயலா? இல்லை, தகட்டின் விளிம்பிலேயே யாரோ நிச்சயம் பண்ணி அனுப்புகிறார்களா?

22.7.1986, செவ்வாய்

வரிசை இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன், போட்டோவும் எடுத்தேன். முக்கால்வாசி நேரம் இஷ்டத்துக்குச் சேருகின்றன: இரண்டு சேரும், ஒன்று தனியாகப் போகும், சில சமயம் மூன்று. ஆனால் திடீரென்று கொஞ்ச நேரம், இரண்டிரண்டாக, ஒன்றும் தப்பாமல், அசெம்பிளியில் கைகோத்து வரும் எல்.கே.ஜி. பிள்ளைகள் மாதிரி ஜோடி ஜோடியாகச் சேர்கின்றன. மறுபடி கலைகின்றன.

கிண்டிக்கு ஓடினேன். சார் போட்டோக்களை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நல்லாயிருக்கும்மா. ஆனா எப்ப வரும், எப்ப வராதுன்னு சொல்ல முடியுமா? சொல்ல முடியலன்னா இது அழகான படம், அவ்வளவுதான்."

சொல்வேன். சொல்லாமல் விடுவேனா?

6.8.1986, புதன்

சே!

பெஞ்சின் மேல் வைத்த டம்ளரில் டீ நடுங்கியது. தலையைத் தூக்கினால், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பீச் ஸ்டேஷனுக்குப் போகிற எலெக்ட்ரிக் டிரெயின். தொட்டியைப் பார்த்தால், ஜோடி ஜோடியாக வரிசை. வண்டி போய்விட்டது. வரிசையும் போய்விட்டது. அடுத்த வண்டிக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும்.

நான் கண்டுபிடித்தது ஒன்றும் கிடையாது. ரயில் வண்டி தரையை ஆட்டுகிறது, தரை தொட்டியை ஆட்டுகிறது. இதற்குப் போய் ஆடினேனே. அரிகிருஷ்ணன் காதுக்குப் போனால் தாம்பரம் முழுக்கத் தமுக்கடிப்பார்.

அந்த வண்டிகளில் பாதியை ஓட்டுகிறவர்கள் எங்கள் வீட்டில் வந்து காபி குடிக்கிறவர்கள். ஒருவர் எங்கள் வீட்டிலேயே குடியிருக்கிறார்! மோட்டார்மேன் ஜெபராஜ், என் புருஷன்.

7.8.1986, வியாழன்

நேற்று சண்டை. அவர் டியூட்டி முடிந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, நான் பிடித்துக்கொண்டேன்.

"உங்க ரயில்வேயால என் ஆராய்ச்சியே நாசமாப் போச்சு!"

"எந்த வண்டி?"

"எல்லா வண்டியும்! உங்க வண்டியும்தான்!"

"அதுக்கு நான் என்ன பண்ணணும்ங்கிற? வண்டியத் தோள்ல தூக்கிக்கிட்டு வரவா?"

தட்டை நங்கென்று வைத்தேன். அத்தோடு பேச்சு நின்றது. எங்கள் வீட்டில் பேச்சு நின்றால் குடும்ப ஜெபம் ஒன்றுதான் வழி. ஜெபத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேச முடியாதல்லவா? பெண் நாகர்கோவில் ஹாஸ்டலுக்குப் போனபிறகு நாங்கள் இரண்டு பேர்தான் எதிரெதிரே முட்டிபோட்டு, ஆண்டவரை நடுவில் வைத்துக்கொண்டு, மாறி மாறிக் குத்திக்கொள்கிறோம்.

நான் ஆரம்பித்தேன். "ஆண்டவரே, சிலருக்கு அவர்கள் ஓட்டுகிற வண்டிதான் உலகம். அவர்களுடைய கண்களைத் திறந்தருளும்."

அவர் கண்ணை மூடியபடியே, "ஆண்டவரே, உம்முடைய அடியாளின் தண்ணீர் அசையாதிருக்க அடியேன் செய்யப்போகிற சின்னக் காரியத்தை ஆசீர்வதியும்" என்றார்.

என்ன நக்கல்! என்ன கொழுப்பு! நான் ஆமென் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டேன்.

11.8.1986, திங்கள்

மெட்டில்டா, நீ ஒரு மடச்சி. கெட்டிக்கார மடச்சி.

தொட்டி ஆடினால் எல்லாம் குழம்பத்தானே வேண்டும்? ஏன் ஒழுங்கு வருகிறது? மூன்று நாள் இதே யோசனை, சாம்பார் அடிப்பிடித்தது.

சுழல்கள் தகட்டின் விளிம்பில் ஒரு தாளத்தில் பிறக்கின்றன. வண்டியின் சக்கரங்கள் தரையைத் தட்டுவதும் ஒரு தாளம். ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தேன். வண்டியின் தாளம் சுழல் பிறக்கும் தாளத்தில் சரிபாதி! இரண்டு சுழலுக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டில் ஒன்று விட்டு ஒன்று லேசாக வேகப் பக்கம் ஒதுங்குகிறது, மற்றது மந்தப் பக்கம். வேகப் பக்கம் போனது முன்னே ஓடும். மந்தப் பக்கம் இருப்பது அதற்கு வழியில் அகப்படும். அப்புறம் என்ன, ஜோடிதான்.

நிச்சயதார்த்தம் விளிம்பிலேயே நடந்துவிடுகிறது. கண்ணுக்கே தெரியாத ஓர் அசைவு அதைச் செய்கிறது. வெளிநாட்டில் இப்படிப் பாதித் தாளத்தில் வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்களுக்கு அதற்கென்று மெஷின் இருந்தது. எனக்கு சதர்ன் ரயில்வே இருக்கிறது!

20.8.1986

காலையில்தான் எனக்கு வகுப்பில்லை, தொட்டியோடு இருக்க முடிகிறது. காலை வண்டிகள் எல்லாவற்றுக்கும் வரிசை தப்பாமல் வருகிறது. சார் சொல்லியனுப்பிவிட்டார், செப்டம்பர் நான்காம் தேதி நேரில் பார்க்க வருகிறார். நீ சொல்கிற வண்டிக்கு வரிசை வந்தால் எழுத ஆரம்பிக்கலாம் என்கிறார்.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிறவரிடம்தான். நாசமாப் போச்சு என்று கத்திவிட்டு, இப்போது உங்கள் வண்டியால்தான் பிழைத்தேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? சார் வந்து பார்க்கட்டும். அப்புறம் கம்பீரமாகச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று செய்தேன். சமையலறைச் சுவரில் அவருடைய டியூட்டி சார்ட் தொங்குகிறது. இந்த மாதமும் வருகிற மாதமும் அவருக்கு மதிய ஷிப்ட். சாரை மதியம் வரச் சொல்லியிருக்கிறேன். எத்தனையோ வண்டி இருக்கிறது. அவர் வண்டியாகவே இருக்கட்டுமே.

4.9.1986, வியாழன்

வரவில்லை.

சார் வந்தார். அரிகிருஷ்ணனும் கூடவே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாயம் விட்டேன். "இப்ப ஒரு வண்டி வரும் சார், பாருங்க" என்றேன், பொம்மலாட்டக்காரி மாதிரி. வண்டி வந்தது. டியூட்டி சார்ட்படி என் வீட்டுக்காரர் வண்டிதான். சுழல்கள் தங்கள் இஷ்டத்துக்குப் போயின. இரண்டு சேர்ந்தது, ஒன்று தனியாக, மூன்று, மறுபடி தனியாக. போட்டோ மட்டும் எடுத்துத் தள்ளினேன்.

"ரயிலுக்கு உங்க தீசிஸ் புடிக்கல போல மேடம்" என்றார் அரிகிருஷ்ணன்.

சார் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. "ஒரு வண்டிக்கு வருது, ஒரு வண்டிக்கு வரலன்னா அது விதி இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

5.9.1986

ஆசிரியர் தினமாம். பூங்கொத்து கொடுத்தார்கள்.

26.9.1986, வெள்ளி

மதியங்களில் அரை நாள் லீவு போட்டுப் பார்த்தாகிவிட்டது. சில வண்டிக்கு வருகிறது, சில வண்டிக்கு இல்லை. அவர் வண்டிக்கு மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. ஒரே ஒரு நாளும்! ஊரில் இருக்கிற மற்ற மோட்டார்மேன்களுக்கு எப்போதாவது மசிகிற சுழல்கள் என் புருஷனுக்கு மட்டும் மசியமாட்டேன் என்கின்றன. இப்படி ஒரு வாக்கியத்தை தீசிஸில் எழுதவா?

விட்டுவிடலாமா? இல்லை. ஜென்மத்துக்கும் விடமாட்டேன். ஆனால் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. டிசம்பர் வந்துகொண்டே இருக்கிறது.

12.10.1986, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, இவரோடு மோட்டார்மேனாக வேலை செய்கிற தனசிங் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க ஆராய்ச்சி எப்ப முடியும்?"

"ஏன் தம்பி?"

"இல்ல, அண்ணனுக்கு மெமோ குடுத்துட்டாங்க. சானடோரியம் ஸ்டேஷன்கிட்ட தினமும் ஏன் லேட்டுன்னு இன்ஸ்பெக்டர் புடிபுடின்னு புடிக்கிறாரு. எனக்கும் வாய்வார்த்தையா சொல்லிட்டாரு. இனிமே என்னால உருட்டிக்கிட்டு வர முடியாதுக்கா. அதான்."

"எதை உருட்டிக்கிட்டு?"

தனசிங் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க ஷெட்டுகிட்ட வரும்போது கரென்ட்ட வெட்டிட்டு வண்டிய சும்மா உருட்டிக்கிட்டுதானே வரோம் ரெண்டு பேரும்? ஆகஸ்ட்லேர்ந்து. உங்க தண்ணி ஆடக்கூடாதுன்னு அண்ணன்தான் சொன்னாரு. உங்களுக்குத் தெரியாதா?"

அங்கேயே, வேப்பமரத்தடியில், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி மெதுவாக வந்தால் தாளம் மாறும். தாளம் மாறினால் பாதிக் கணக்கு தப்பும். கணக்கு தப்பினால் ஜோடி சேராது. அந்தச் சின்னக் காரியம்! ஜெபத்தில் அத்தனை தெளிவாகச் சொன்னாரே, ஆண்டவர் முன்னாலேயே சொன்னாரே. நான் நக்கல் என்று நினைத்தேன்.

சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. தனசிங் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

அதே நாள், சாயங்காலம்

வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டேன். ஜெபத்துக்கெல்லாம் காத்திருக்க முடியாது.

"யாரைக் கேட்டு வண்டிய மெதுவா ஓட்டுனீங்க?"

பேப்பரை இறக்கினார். "உன் தண்ணி ஆடுதுன்னு நீதானே கத்துன?"

"ஆடணும்! இப்ப எனக்கு ஆடித்தான் ஆகணும்! உங்க வண்டி ஒழுங்கா வந்தாத்தான் என் சுழல் ஒழுங்கா வரும்!"

"அத நீ எப்ப சொன்ன?"

பேப்பரைப் பிடுங்கி அதன் ஓரத்திலேயே படம் போட்டுக் காட்டினேன். தகடு, விளிம்பு, சுழல், இரண்டுக்கு ஒரு தட்டு. உன்னிப்பாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப என் வண்டி சரியான ஸ்பீடுல வந்தா உன் தண்ணிக்குத் தெரியும்?" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை, என்னவோ பட்டம் அவருக்கே கிடைக்கப்போகிற மாதிரி.

"மெமோ வாங்குனீங்களே, ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ ஆமென் சொல்லலியே" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

மெமோ! இருபத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரு நிமிஷம் லேட் கிடையாது என்று கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிக்கொள்கிற மனுஷன்.

13.10.1986, திங்கள்

செப்டம்பரில் எடுத்த "தோல்வி" போட்டோக்களை எல்லாம் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தோல்வி இல்லை. முழு வேகத்தில் வந்த வண்டிக்கு ஜோடி சேருகிறது. மெதுவாக வந்த வண்டிக்குச் சேரவில்லை. நான் கெஞ்சிக் கேட்டிருந்தாலும் ரயில்வே எனக்கு இப்படி ஒரு சோதனை செய்து கொடுத்திருக்காது. என் கணக்கின் மறுபாதியை அவர் இரண்டு மாதமாக, ஏச்சு வாங்கிக்கொண்டு, ஓட்டிக் கொடுத்திருக்கிறார்.

30.10.1986, வியாழன்

அடைமழை. ஷெட் ஒழுகுகிறது, காலேஜில் கரென்ட் இல்லை. ஆனால் மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்குவதற்குக் கரென்ட் எதற்கு? சார் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். இரண்டு வகைப் போட்டோக்களையும் முதலில் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

வண்டி வந்தது. நனைந்துகொண்டு, முழு வேகத்தில், சொன்ன நேரத்துக்கு. டம்ளர் நடுங்கியது. ஆரஞ்சு நிறச் சுழல்கள் ஒன்று விட்டு ஒன்று நகர்ந்து, ஒன்றையொன்று சுற்றி, ஜோடி ஜோடியாகப் போயின. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ரெண்டுக்கு ஒண்ணு" என்றார் சார். அப்புறம், "இதுக்கு மேல என்னம்மா வேணும், உக்காந்து எழுது" என்றார்.

அரிகிருஷ்ணன் வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றார். "உள்ள வாங்க சார், டிக்கெட் கிடையாதுன்னு அப்பவே சொன்னேனே" என்றேன். வந்தார். குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நல்ல மனுஷன்தான், பிசிக்ஸ்காரர்தானே.

18.12.1986

தீசிஸ் கொடுத்தாகிவிட்டது. பால்காரர், "இனிமே எக்ஸ்ட்ரா பால் வேணாமாம்மா?" என்கிறார்.

17.3.1988, வியாழன்

டாக்டர் மெட்டில்டா ஜெபராஜ். ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர் மெட்டில்டா ஜெபராஜ்.

கிண்டியில் வாய்மொழித் தேர்வு. ஹால் நிறைந்திருந்தது. வெளி மாநிலத்திலிருந்து வந்திருந்த பரீட்சகர் வளைத்து வளைத்துக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னேன், நின்று நிதானமாகச் சொன்னேன். கடைசியில் கேட்டார்: "முழு வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். ரயிலின் வேகத்தை உங்களால் எப்படிக் கட்டுப்படுத்த முடிந்தது?"

"நான் கட்டுப்படுத்தவில்லை. ஒரு மோட்டார்மேன் மெதுவாக ஓட்டினார்."

"நீங்கள் கேட்டதற்கு ஒப்புக்கொண்டாரா?"

"நான் கேட்கவே இல்லை. என் சோதனை கெடக்கூடாது என்று அவராகவே செய்தார். அதற்காக மெமோ வாங்கினார். அவர் என் கணவர். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், யூனிஃபார்மில்."

ஹாலே திரும்பிப் பார்த்தது. டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தார். எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார். பரீட்சகர்தான் முதலில் கை தட்டினார்.

எனக்குப் பட்டம் கிடைத்த சந்தோஷம் பெரிதா, அந்தப் பாதி எழுந்த கோலத்தைப் பார்த்த சந்தோஷம் பெரிதா? இரண்டும் எனக்கே. யாருக்கும் பங்கு கிடையாது.

30.6.1994, வியாழன்

இன்றைக்கு அவருக்குக் கடைசி டியூட்டி.

ஷெட் இப்போது ஷெட் இல்லை, காங்கிரீட் கட்டடம், வாசலில் போர்டு. தொட்டியை ஆட்டுவதற்கு மோட்டார் வைத்த கருவி இருக்கிறது. எந்தத் தாளம் வேண்டுமோ திருப்பிக்கொள்ளலாம். பிள்ளைகள் மூன்று பேர் என்னிடம் ஆராய்ச்சி செய்கிறார்கள். அவர்களை இன்று சீக்கிரம் அனுப்பிவிட்டு, கருவியை நிறுத்திவிட்டு, பழைய தொட்டியை அதன் பழைய பெஞ்சில் தூக்கி வைத்து, பாலில் கேசரிப் பவுடர் கரைத்தேன். அவருடைய கடைசி வண்டியைத் தண்ணீரில் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஸ்டேஷனில் மாலை போட ஆட்கள் இருக்கிறார்கள், தனசிங் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார்.

நேரத்துக்கு வண்டிச் சத்தம் கேட்டது. குனிந்தேன். சுழல்கள் வந்தன. இரண்டு சேர்ந்தது. ஒன்று தனியாகப் போனது. அப்புறம் மூன்று. மறுபடி ஒன்று தனியாக.

டம்ளரில் டீ அசையவே இல்லை.

அந்த மனுஷன் கரென்ட்டை வெட்டிவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறார்! இனிமேல் யார் மெமோ கொடுக்க முடியும்? ஜன்னலுக்கு ஓடினேன். சுவருக்கு மேல் வண்டி மெதுவாக, மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கையை ஆட்டினேன். பார்த்தாரா தெரியாது.

வீட்டுக்கு வந்தவுடன், "ஏங்க இன்னிக்கு லேட்டு?" என்றேன்.

"லேட்டா? யார் சொன்னா?"

"தண்ணி சொல்லுச்சு."

மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். சிரிப்பை அடக்குகிறார் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

ஜெபத்தில் இன்று அவர் முறை முதலில். முப்பத்துச் சொச்சம் வருஷ வேலைக்கு நன்றி சொன்னார், தனசிங்குக்காகச் சொன்னார், பெண்ணுக்காகவும் மாப்பிள்ளைக்காகவும் சொன்னார். கடைசியில், "உம்முடைய அடியாளின் தண்ணீரை ஆசீர்வதியும்" என்று முடித்தார்.

உரக்கவே, இரண்டு தடவை, ஆமென் சொன்னேன். ஒரு தடவை இதற்கு, ஒரு தடவை அன்றைக்குச் சொல்லாமல் எழுந்து போனதற்கு.